தளம்பும் எண்களின் சாட்சியம்
நுண்கட்டுப்படுத்தி கொண்டு வோல்ற்றளவை அளத்தலும் இரைச்சலின் மூலங்களை இனங்காணலும்

1. தோற்றுவாய்

அளவைக் கருவி என்றதும் ஆய்வுகூடத்தின் கண்ணாடி அலுமாரியுள் பூட்டி வைக்கப்பட்ட ஒரு பொருளே நம்மிற் பலரது நினைவுக்கு வருவது வழக்கம். அந்நிலை இன்று பெரிதும் மாறிவிட்டது. 2005ஆம் ஆண்டில் இத்தாலியின் இவ்றியா நகரில், வடிவமைப்புத் துறை மாணவரின் தேவையை முன்னிட்டு உருவாக்கப்பட்ட ஆர்டுயினோ என்னும் சிறு பலகையும், அதன் வழிவந்த பிற பலகைகளும் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. வெப்பநிலை, ஒளிச்செறிவு, மண்ணின் ஈரம், நீர்மட்டம் முதலியவற்றை மாணவரும் விவசாயியும் தாமே அளந்து பதிவு செய்ய முடிகின்றது. அளக்கும் ஆற்றல் சிலரிடமிருந்து பலரிடம் வந்து சேர்வது வரவேற்கத்தக்கதே. ஆயின், அவ்வாற்றலோடு ஒரு பொறுப்பும் சேர்ந்தே வருகின்றது. அளந்த எண் நம்பத்தக்கது என்பதை நிறுவும் பொறுப்பே அது.

இப்பலகைகளைக் கையாள்வோர் அனைவரும் சந்திக்கும் ஓர் இடர்ப்பாடு உண்டு. உணரியை எவரும் தொடவில்லை. அறையின் வெப்பநிலையும் மாறவில்லை. ஆயினும் திரையில் தோன்றும் எண் ஓரிடத்தில் நிற்காது ஏறியும் இறங்கியும் தளம்புகின்றது. இதற்குப் பொதுவாகக் கூறப்படும் பரிகாரம், பல வாசிப்புகளை எடுத்து அவற்றின் சராசரியைக் காண்க என்பதாகும். சராசரி எடுத்தவுடன் எண் அமைதியடைகின்றது, ஆய்வாளரும் அமைதியடைகின்றார். இவ்வமைதி எவ்வளவு நியாயமானது என்பதே இக்கட்டுரையில் நாம் எழுப்பும் வினா. தளம்பல் ஒரு சாட்சியம். அச்சாட்சியை விசாரியாது வாய்மூடச் செய்வது அளவீட்டின் செப்பத்தைக் கூட்டுமேயன்றி அதன் திருத்தத்தைக் கூட்டாது என்பது நமது துணிபு.

2. எடுத்துக்கொண்ட உதாரணம்

பொதுப்படப் பேசுவதிலும் ஒரு குறிப்பிட்ட அளவீட்டை எடுத்துக்கொண்டு ஆராய்வது பயன் தரும். தடுப்பு மருந்துகளை வைத்திருக்கும் குளிர்சாதனப் பெட்டியின் வெப்பநிலையை அளப்பதாகக் கொள்வோம். பெரும்பாலான தடுப்பு மருந்துகள் 2 முதல் 8 பாகை செல்சியசு வரையான வீச்சினுள் பேணப்படல் வேண்டும். கல்லீரல் அழற்சி பி, ஏற்புவலி ஆகியவற்றுக்கான தடுப்பு மருந்துகள் உறைந்துவிடுமாயின் தம் ஆற்றலை இழக்கின்றன. பின்னர் உருகச் செய்வதால் அவ்வாற்றல் மீள்வதில்லை. ஆகவே, மேல் எல்லையைப் போலவே கீழ் எல்லையும் முக்கியமானது. இத்தேவைக்கென உலக சுகாதார நிறுவனம் சோதித்து ஏற்றுக்கொண்ட பதிகருவிகள் உள்ளன. அவற்றின் இடத்தில் வீட்டிற் செய்த கருவியை வைக்குமாறு நாம் கூறவில்லை. ஒரு சில பாகை வேறுபாடு எத்துணைப் பொருளுடையது என்பதை இவ்வுதாரணம் தெளிவாகக் காட்டுவதனாலேயே அதனைத் தேர்ந்துகொண்டோம்.

ஆர்டுயினோ ஊனோ பலகையில் 2010ஆம் ஆண்டு தொட்டு நெடுங்காலம் பயன்பட்டு வரும் ஏரிமெகா 328பி என்னும் நுண்கட்டுப்படுத்தியை நோக்குவோம். அதனுள் உள்ள மாற்றி, தனக்குத் தரப்படும் வோல்ற்றளவை ஓர் ஒப்பீட்டு வோல்ற்றளவின் பின்னமாகக் கண்டு, அப்பின்னத்தை 0 முதல் 1023 வரையான ஒரு முழு எண்ணாகத் தருகின்றது. ஒப்பீட்டு வோல்ற்றளவு 5 வோல்ற்று எனின், ஒரு படியின் உயரம் 5ஐ 1024ஆல் வகுக்க வரும் 4.88 மில்லிவோல்ற்று ஆகும். இதுவே அக்கருவியின் இழிவெண்ணிக்கை.

உணரியாக வெப்பத்தடையி ஒன்றைக் கொள்வோம். 25 பாகையில் 10,000 ஓம் தடையுடையதும், பீற்றா மாறிலி 3950 உடையதுமான வெப்பத்தடையி, 5 பாகையில் ஏறத்தாழ 25,900 ஓம் தடையைக் காட்டும். இதனை 10,000 ஓம் நிலைத்தடையி ஒன்றுடன் தொடராக 5 வோல்ற்றுக்கும் புவிக்கும் இடையில் தொடுத்து, இரண்டும் சந்திக்கும் புள்ளியை மாற்றியின் வாயிலுக்குக் கொடுக்கின்றோம். வெப்பத்தடையி புவிப்பக்கத்தில் உள்ளது. 2 பாகையில் வாசிப்பு ஏறத்தாழ 770; 5 பாகையில் 739; 8 பாகையில் 707. குளிர் கூட எண்ணும் கூடுகின்றது. அனுமதிக்கப்பட்ட ஆறு பாகை வீச்சு முழுவதும் 63 படிகளுள் அடங்குகின்றது. ஒரு பாகைக்குச் சற்றொப்பப் பத்துப் படிகள். இனி, வாசிப்பு இருபது படிகள் மேலும் கீழும் தளம்புமாயின் மருந்து பாதுகாப்பாக உள்ளதா, உறைநிலையை அணுகுகின்றதா என்று கூறவியலாது போகும்.

3. இயற்கை விதித்த எல்லை

விசாரணையைத் தொடங்குமுன், எவராலும் நீக்கவியலாத இரைச்சல் எவ்வளவு என்பதை அறிந்துகொள்ளல் வேண்டும். எந்தக் கடத்தியிலும் இலத்திரன்கள் வெப்பத்தால் ஓயாது அலைவுறுகின்றன. அதனால் எழும் சிறு வோல்ற்றளவை அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஜோன்சன் அளந்தார். அவருடன் பணியாற்றிய நைகுவிஸ்து அதற்குக் கொள்கை விளக்கம் தந்தார். இருவரது கட்டுரைகளும் 1928ஆம் ஆண்டு பிசிக்கல் றிவியூ என்னும் ஆய்விதழில் வெளிவந்தன.

நாம் எடுத்துக்கொண்ட மாற்றி, அளக்கவேண்டிய வோல்ற்றளவைத் தன்னுள் உள்ள 14 பிக்கோபரட்டுக் கொள்ளளவி ஒன்றிற் பிடித்துவைத்தே அளக்கின்றது. அறை வெப்பநிலையில் அக்கொள்ளளவியில் பதியும் வெப்ப இரைச்சல், இணைத்த தடை எதுவாயினும், ஏறத்தாழ 17 மைக்குரோவோல்ற்றே. இது ஒரு படியின் 280இல் ஒரு பங்கு அளவினது. அதாவது, இயற்கை விதித்த இரைச்சல் இம்மாற்றியின் கண்ணுக்கே புலப்படாது.

இக்கணிப்பிலிருந்து பெறப்படும் முடிவு முக்கியமானது. வாசிப்பு பத்துப் படிகள் தளம்புகின்றதெனின் அது இயற்கையின் தவிர்க்கவியலாத குணமன்று. சுற்றின் அமைப்பில், கம்பியின் பாதையில், மின்வழங்கலின் தரத்தில், அன்றி நிரலின் போக்கில் ஒரு காரணம் உண்டு. காரணம் உண்டெனின் அதனைத் தேடலாம், தேடினால் நீக்கலாம். “இப்படித்தான் இருக்கும்” என்று அமைவதற்கு இங்கு இடமில்லை. மாற்றியின் செய்தோர் கூறும் திருத்தமின்மை ஏறத்தாழ இரு படிகளே. அதற்கு மேற்பட்ட தளம்பல் அனைத்தும் விசாரணைக்கு உரியதாகும்.

4. பிரித்தறியும் நான்கு பரிசோதனைகள்

வாசிப்பு ஒன்றில் மாற்றி, ஒப்பீட்டு வோல்ற்றளவு, கம்பி, உணரி ஆகிய நான்கும் கலந்துள்ளன. எல்லாவற்றையும் ஒருங்கே மாற்றிப் பார்ப்பதால் எதுவும் தெளிவாகாது. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் சேர்த்துச் செல்லும் முறையை நாம் பரிந்துரைக்கின்றோம். ஒவ்வொரு பரிசோதனையிலும் ஆயிரம் வாசிப்புகளை, எவ்விதச் சராசரியும் எடாது, உள்ளவாறே பதிதல் வேண்டும்.

முதலாம் பரிசோதனையில், 1,000 ஓம் தடையிகள் இரண்டைத் தொடராக இணைத்து, மாற்றியின் வாயிலுக்கு மிக அருகில், 5 வோல்ற்றுக்கும் புவிக்கும் இடையில் தொடுக்க வேண்டும். வாசிப்பு 512ஐ ஒட்டி, அடுத்தடுத்த ஓரிரு எண்களுள் நிற்றல் வேண்டும். இங்கு வழங்கல் வோல்ற்றளவே ஒப்பீட்டு வோல்ற்றளவாகவும் இருத்தலால், அது மெல்ல ஏறி இறங்கினும் விகிதம் மாறாது. ஆகவே, இங்கு தளம்பல் காணப்படின் அது மாற்றிக்கு அருகிலேயே பிறக்கின்றது எனலாம். வாயிலைப் புவியுடன் நேரே இணைத்துச் சோதிப்பாரும் உளர். அம்முறையில் பூச்சியத்துக்குக் கீழ்ச் செல்லும் இரைச்சல் வெட்டுண்டு மறைவதால் அது போதிய சாட்சியமாகாது.

இரண்டாம் பரிசோதனையில், பிரிப்பியை நீக்கி 1.5 வோல்ற்று உலர்மின்கலம் ஒன்றை வாயிலுக்கும் புவிக்கும் இடையில் குறுகிய கம்பிகளால் இணைக்க வேண்டும். உலர்மின்கலம் மிக அமைதியான ஒரு முதல். வாசிப்பு 307ஐ ஒட்டி அமையும். முதலாம் பரிசோதனையில் இல்லாத தளம்பல் இங்கு தோன்றுமாயின், மாறுவது மின்கலம் அன்று; அதனை அளக்கும் அளவுகோலே மாறுகின்றது. ஒப்பீட்டு வோல்ற்றளவு நூற்றுக்கு ஒரு பங்கு மாறினால் இவ்வாசிப்பு மூன்று படிகள் மாறும்.

மூன்றாம் பரிசோதனையில், உண்மையான நீண்ட கம்பியையும் பிரிப்பியையும் இணைத்து, வெப்பத்தடையி இருக்கவேண்டிய இடத்தில் 27,000 ஓம் நிலைத்தடையி ஒன்றை வைக்க வேண்டும். வாசிப்பு 747ஐ ஒட்டி அமையும். இங்கு புதிதாகத் தோன்றும் தளம்பல் கம்பி கவர்ந்து வந்ததாகும். நான்காவதாக வெப்பத்தடையியை அதன் இடத்தில் வைத்தபின் எஞ்சும் மாற்றமே உணரிக்கோ, பெட்டியின் உண்மையான வெப்பநிலை மாற்றத்துக்கோ உரியது.

பதிந்த ஆயிரம் வாசிப்புகளுக்கும் வலையுருவரையம் ஒன்று வரைந்து நோக்குதல் மேலும் துணை புரியும். நடுவில் உயர்ந்து இருபுறமும் தாழும் செவ்வன் பரம்பல் தோன்றின், இரைச்சல் எழுமாறானது. நடுவில் தாழ்ந்து இரு ஓரங்களிலும் உயர்ந்த வடிவம் தோன்றின், சைன் அலை ஒன்று புகுந்துள்ளது. அது பெரும்பாலும் மின்வழங்கலின் அலையாகும். ஒரு திரளும், அதிலிருந்து வெகு தொலைவில் சிதறிய சில எண்களும் காணப்படின், ஆளிகளின் திடீர்த் துடிப்புகளே காரணம். நேரத்தோடு ஒரு திசையில் நகரும் வாசிப்பு, ஒப்பீட்டு வோல்ற்றளவோ உணரியோ சூடாவதைக் குறிக்கும். ஒரே அளவு தளம்பலாயினும் இந்நான்கின் பரிகாரங்களும் வெவ்வேறானவை.

5. காரணங்களும் பரிகாரங்களும்

(அ) அளவுகோலின் தளம்பல். 5 வோல்ற்று எனப்படும் யூ.எஸ்.பி. வழங்கல் உண்மையில் 4.75 முதல் 5.25 வரை வேறுபட அனுமதிக்கப்பட்டது. பிரிப்பியும் மாற்றியும் ஒரே வழங்கலைப் பகிரும்போது இவ்வேறுபாடு விகிதத்தில் மறைந்துவிடுகின்றது. ஆயின் எல்.எம். 35 போன்ற உணரி, வழங்கலைச் சாராது பாகைக்கு 10 மில்லிவோல்ற்று வீதம் தருவது. அதனைத் தளம்பும் 5 வோல்ற்றோடு ஒப்பிட்டால் தளம்பல் முழுவதும் வாசிப்பில் ஏறும். மேலும், 2 முதல் 8 பாகை வரையான வீச்சு அவ்வுணரியில் 20 முதல் 80 மில்லிவோல்ற்று வரையே. 5 வோல்ற்று ஒப்பீட்டில் அது 12 படிகள் மட்டுமே. மாற்றியின் உள்ளேயுள்ள 1.1 வோல்ற்று ஒப்பீட்டைப் பயன்படுத்தின் ஏறத்தாழ 56 படிகள் கிடைக்கும். அவ்வொப்பீடு நிலையானதாயினும் அதன் பெறுமானம் ஒரு நுண்கட்டுப்படுத்திக்கும் மற்றதற்கும் இடையில் 1.0 முதல் 1.2 வரை வேறுபடக்கூடும். எனவே, ஒவ்வொன்றையும் தனித்தனியே அளவுதிருத்தல் இன்றியமையாதது. விகிதத்தை அளக்கும் உணரிக்கு வழங்கலையும், வோல்ற்றளவை அளிக்கும் உணரிக்கு நிலையான ஒப்பீட்டையும் துணையாக்குக என்பது விதி.

(ஆ) புவிக்கம்பியைப் பகிர்தல். சுற்றுப் படங்களிற் புவி ஒரு புள்ளியாக வரையப்படினும் நடைமுறையில் அது தடையுள்ள ஒரு கம்பி. ரிலே எனப்படும் மின்காந்த ஆளியின் சுருள் 80 மில்லியம்பியர் ஓட்டத்தை எடுப்பதாகவும், அது உணரியின் புவிக்கம்பி வழியே திரும்புவதாகவும், கம்பியும் தொடுகைகளும் சேர்ந்து அரை ஓம் தடையுடையன எனவும் கொள்வோம். உணரியின் புவி 40 மில்லிவோல்ற்று உயரும். எல்.எம். 35 உணரியாயின் இது 4 பாகை வழு! வெப்பத்தடையிப் பிரிப்பியிலோ அதன் விளைவு 11 மில்லிவோல்ற்று, அதாவது 0.2 பாகை அளவுக்குக் குறைகின்றது. இவ்வழு எழுமாறாகத் தளம்புவதன்று; ஆளி இயங்கும் நேரமெல்லாம் ஒரே திசையில் நிற்பது. எத்தனை ஆயிரம் வாசிப்புகளின் சராசரியும் இதனை நீக்காது. உணரிக்குத் தனிப் புவிக்கம்பியும், ஆளிக்கும் மோட்டருக்கும் வேறு கம்பியும் இட்டு, அவற்றை வழங்கலின் அருகில் ஒரே புள்ளியில் சந்திக்கச் செய்வதே பரிகாரம்.

(இ) முதலின் தடை. மாற்றியின் உட்கொள்ளளவி, வாயில் திறந்திருக்கும் ஏறத்தாழ 12 மைக்குரோசெக்கனுள் நிரம்பவேண்டும். இதற்காக முதலின் தடை 10,000 ஓமுக்கு மேற்படாதிருத்தல் நன்று என்பது செய்தோரின் அறிவுரை. நமது பிரிப்பியின் பயன்படு தடை 5 பாகையில் 7,200 ஓம், அது எல்லைக்குட்பட்டதே. பத்து இலட்சம் ஓம் தடையிகளால் பிரிப்பி அமைத்தால் கொள்ளளவி நிரம்புமுன் வாயில் மூடிவிடும். இம்மாற்றி ஒன்றே ஆறு வாயில்களுக்கும் மாறி மாறிப் பணிபுரிவதால், முன்னர் அளந்த வாயிலின் எச்சம் இவ்வாயிலின் வாசிப்பிற் கலந்துவிடும். ஓர் உணரியை அசைக்க மற்றதன் எண் அசையுமாயின் இதனையே ஐயுறுதல் வேண்டும். வாயிலில் 100 நனோபரட்டுக் கொள்ளளவி ஒன்றைப் புவிக்கு இணைத்தால், அது 14 பிக்கோபரட்டுக்கு ஒரு பெருநீர்த்தேக்கம் போல நின்று, ஒரு படிக்கும் குறைந்த இழப்போடு உடனே நிரப்பிவிடும். வாயிலை மாற்றியபின் வரும் முதல் வாசிப்பை ஒதுக்குதலும் உதவும். மிக உயர்ந்த தடையுடைய உணரிகட்குச் செயற்பாட்டு விரியலாக்கி ஒன்றை இடையில் வைத்தல் வேண்டும். எதனுடனும் இணைக்கப்படாத வாயில் தரும் எண் அளவீடே அன்று என்பதையும் இங்கு குறிப்பிடல் தகும்.

(ஈ) கம்பி கவரும் அலை. இலங்கையில் மின்வழங்கல் செக்கனுக்கு 50 அலைவுகளையுடையது. சுவருள் ஓடும் கம்பிகளுக்கு அருகில் செல்லும் உணரிக்கம்பி இவ்வலையைக் கவர்கின்றது. கையைக் கம்பியருகே கொண்டுசெல்லும்போது எண் மாறுவதும், மடிக்கணனியின் மின்னேற்றியைக் கழற்றியவுடன் தளம்பல் அடங்குவதும் இதன் அறிகுறிகள். சைகைக்கம்பியையும் புவிக்கம்பியையும் ஒன்றோடொன்று முறுக்கி இட்டால் அவை சூழும் பரப்புக் குறைந்து கவர்தலும் குறையும். கவசமுள்ள கம்பியாயின் கவசத்தை ஒரு முனையில் மட்டும் புவியுடன் இணைத்தல் வேண்டும். வாயிலில் உள்ள கொள்ளளவியை 1 மைக்குரோபரட்டாக உயர்த்தினால், 7,200 ஓமுடன் சேர்ந்து 50 அலைவுகளை ஏறத்தாழ இரண்டரை மடங்கு நலிவடையச் செய்யும். பெட்டியின் வெப்பநிலை நிமிடக் கணக்கில் மாறுவதாகையால் இதனால் இழப்பு ஏதுமில்லை.

(உ) நுண்கட்டுப்படுத்தியின் சொந்தச் சந்தடி. செக்கனுக்குக் கோடியே அறுபது இலட்சம் துடிப்புகளுடன் இயங்கும் இலக்கமுறைச் சுற்றும், மென்மையான அளவைச் சுற்றும் ஒரே சில்லினுள் குடியிருக்கின்றன. மாற்றியின் வழங்கலை 10 மைக்குரோஹென்றித் தூண்டற்சுருள் வழியாகக் கொடுத்து 100 நனோபரட்டுக் கொள்ளளவியால் புவிக்கு இணைக்குமாறு செய்தோரே கூறுகின்றனர். அளக்கும் கணத்தில் மையப் பகுதியை உறங்கச் செய்யும் ஓர் ஒழுங்கும் இச்சில்லில் உண்டு. அளக்கும்போது ஒளியிருவாயிகளையும் தொடர்பாடலையும் இயக்காதிருத்தலே சில வேளைகளில் போதுமானது.

படிகளின் எண்ணிக்கை கூடிய மாற்றியை வாங்கினால் தீரும் என்று கருதுவாரும் உளர். 8 மில்லிவோல்ற்று இரைச்சல் மேற்கூறிய மாற்றியில் ஒன்றரைப் படியளவே. 3.3 வோல்ற்றை 4096 படிகளாகப் பகுக்கும் மாற்றியில் அதே இரைச்சல் பத்துப் படிகளாகத் தெரியும். இரைச்சல் கூடவில்லை, அதனைக் காணும் கண்ணே கூர்மையடைந்தது.

6. சராசரியின் ஆற்றலும் எல்லையும்

சுற்றைச் சீர்செய்தபின் எஞ்சும் தளம்பலுக்கே கணிதப் பரிகாரம் பொருந்தும். வாசிப்புகளின் வழுக்கள் எழுமாறாகவும் ஒன்றையொன்று சாராமலும் இருப்பின், சராசரியின் நியம விலகல் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் குறையும். 16 வாசிப்புகளால் நான்கு மடங்கு தெளிவு கிடைக்கும். இந்நிபந்தனை பொய்க்குமிடத்துச் சராசரியும் பொய்க்கின்றது. இரு உதாரணங்களை நோக்குவோம்.

முதலாவது, திடீர்த் துடிப்பு. அமுக்கியின் மோட்டர் இயங்கத் தொடங்கும் கணத்தில் எடுத்த ஐந்து வாசிப்புகள் 738, 739, 924, 740, 739 எனக் கொள்வோம். இவற்றின் இடை 776. அது குறிக்கும் வெப்பநிலை 1.4 பாகை, அனுமதித்த கீழ் எல்லைக்கும் கீழே! உண்மையில் பெட்டி 5 பாகையில் உள்ளது. ஐந்தையும் ஏறுவரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் இடையத்தை எடுப்பின் 739 கிடைக்கும். ஒரு பொய்ச்சாட்சி நால்வரது உண்மையையும் திரிக்க இடை அனுமதிக்கின்றது, இடையம் அனுமதிப்பதில்லை. ஆயினும் ஒதுக்கிய எண்ணைப் பதிவிலிருந்து அழித்தல் ஆகாது. துடிப்புகள் எந்நேரங்களில் தோன்றுகின்றன என்பதே அவற்றின் மூலத்தைக் காட்டும்.

இரண்டாவது, வழங்கலின் அலை. செக்கனுக்கு ஒருமுறை மட்டும் வாசிக்கின்றோம் எனக் கொள்வோம். வழங்கலின் மீடிறன் சரியாக 50 ஆக எப்போதும் நிற்பதில்லை. அது 49.95 ஆக உள்ள வேளையில், ஒவ்வொரு வாசிப்பும் அலையின் சற்றே வேறுபட்ட புள்ளியில் விழும். விளைவாக, 20 செக்கனுக்கு ஒருமுறை மெல்ல ஏறி இறங்கும் ஓர் அழகிய வளைகோடு வரைபில் தோன்றும். பெட்டியின் உள்ளே காற்று சுழல்வதாகவோ அமுக்கி ஒழுங்காக இயங்குவதாகவோ அதற்கு விளக்கம் கூறவும் முற்படுவோம். இல்லாத ஒரு நிகழ்வுக்குக் கொள்கை வகுப்பதன்றோ இது! செக்கனுக்கு ஒன்றாகப் பத்து வாசிப்புகளை எடுத்துச் சராசரி காண்பதால் இவ்வளைகோடு முற்றாக மறையாது. மாறாக, 1 மில்லிசெக்கன் இடைவெளியில் 20 வாசிப்புகளை எடுத்துச் சராசரி கண்டால், அலையின் ஒரு முழுச்சுற்று அடங்குகின்றது. மேற்பாதியும் கீழ்ப்பாதியும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. 100 மில்லிசெக்கன் காலத்தை எடுப்பின் 50 அலைவின் ஐந்து சுற்றுகளும், வட அமெரிக்காவில் வழங்கும் 60 அலைவின் ஆறு சுற்றுகளும் முழுமையாக அடங்கும். எத்தனை வாசிப்புகள் என்பதிலும் எவ்வளவு காலத்தில் என்பதே இங்கு முதன்மையானது.

7. முழு அமைதியும் ஒரு குறையே

இதுவரை இரைச்சலை அளவீட்டின் பகையாகவே நோக்கினோம். அதன் மறுபக்கமும் உண்டு. உண்மைப் பெறுமானம் 739.3 எனவும் சுற்றில் இரைச்சல் சிறிதும் இல்லை எனவும் கொள்வோம். மாற்றி எப்போதும் 739 என்றே கூறும். ஆயிரம் வாசிப்புகளின் சராசரியும் 739தான். மாறாக, ஒரு படியளவு எழுமாறான இரைச்சல் இருப்பின் வாசிப்பு 738, 739, 740 என மாறும். 740 சற்று அதிகமாகத் தோன்றும். சராசரி 739.3ஐ நாடிச் செல்லும். நான்கு வாசிப்புகளால் அரைப்படியும், பதினாறால் காற்படியும் பிரித்தறியலாம். இத்தத்துவத்தை 1962ஆம் ஆண்டு லோறன்ஸ் றொபேட்ஸ் படங்களைக் குறியிடுவதற்குக் கையாண்டார். குறைந்த படிகளால் குறியிடும்போது தோன்றும் போலி விளிம்புகளை, முன்னர் இரைச்சலைச் சேர்த்துப் பின்னர் அதனைக் கழிப்பதால் நீக்கலாம் என அவர் காட்டினார்.

ஆகவே, இரைச்சல் தன்னளவில் நன்றோ தீதோ அன்று. அதன் குணம் அறியப்பட்டதா, அறியப்படாததா என்பதே வேறுபாடு. குணம் அறிந்த இரைச்சல் கருவியாகின்றது. அறியாத இரைச்சல் ஏமாற்றுகின்றது.

8. முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, தளம்பும் வாசிப்பைக் கண்டவுடன் முதலில் செய்யத்தக்கது அதனைத் தணித்தல் அன்று. அதனை உள்ளவாறு பதிதல். அடுத்து நான்கு பரிசோதனைகளால் மூலத்தைப் பிரித்தறிதல். பின்னர் சுற்றிலும் கம்பியிலும் திருத்தம் செய்தல். ஈற்றிலேயே இரைச்சலின் வகைக்கேற்ற கணித முறையைத் தேர்தல். இவ்வொழுங்கு தலைகீழாகும்போது அமைதியான எண் கிடைக்கும். உண்மையான எண் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை. புவிக்கம்பியால் எழும் வழு ஒருபோதும் தளம்புவதில்லை என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். மிக அபாயமான வழு மிக அமைதியானதாகவும் இருக்கக்கூடும்.

இத்தகைய கருவிகளால் பெற்ற தரவுகளை வெளியிடுவோர், சராசரிகளை மட்டும் அட்டவணைப்படுத்தாது, வாசிப்புகளின் பரம்பலையும், கையாண்ட ஒப்பீட்டு வோல்ற்றளவையும், வாசிப்புகளின் கால இடைவெளியையும், ஒதுக்கிய எண்களையும் உடன் தருதல் வேண்டும். இன்னொருவர் அதே பலகையைக் கொண்டு அதே பரிசோதனையைச் செய்து பார்க்க அதுவே வழிசெய்யும். விலையுயர்ந்த கருவியின் எண்ணை அதன் செய்தோரின் பெயர் கருதி நம்பினோம். நாமே செய்த கருவியின் எண்ணுக்கு அத்தகைய பெயரில்லை. நாம் காட்டும் சான்று மட்டுமே உண்டு. சிற்றூர் மருத்துவ நிலையம் ஒன்றில் பெட்டியைத் திறக்கும் தாதி, திரையில் உள்ள 5 பாகை என்னும் எண்ணை நம்பியே குழந்தைக்குரிய மருந்தை வெளியே எடுக்கின்றார். அவ்வெண் எவ்வழி வந்தது என்று கேட்க அவருக்கு நேரமில்லை. அக்கேள்வியை அவருக்கு முன்னரே கேட்டு முடித்திருத்தல் கருவியைச் செய்தோரின் கடனாகும்.